கைக்குத் தெரிந்ததைத் தாளில் எழுதிவையுங்கள்

பழைய ஆர்கேட் பெட்டிகளின் ஜாய்ஸ்டிக்கையும் ஸ்பின்னரையும் டிராக்பாலையும் பொத்தானையும் சீர்செய்கிற, கிடைக்காத உருப்படியைப் புதிதாகச் செய்து தருகிற நண்பர்களுக்கு,



1970களிலும் 80களிலும் காசு போட்டு ஆடிய அந்தப் பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன என்றால் அதற்கு முதல் காரணம் நீங்கள்தான். உதிரிபாகம் கேட்டு எழுதப் பழைய நிறுவனங்கள் இல்லை. பாலி மிட்வேயின் வழிவந்த மிட்வே 2001இல் ஆர்கேட் தொழிலைக் கைவிட்டது, 2009இல் திவாலானது. அட்டாரியின் ஆர்கேட் பிரிவும் பல கைகள் மாறி 2009க்கு முன்பே மூடப்பட்டது. ஒரு பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தால், ஒரு பற்சக்கரத்தில் பல் உடைந்தால், கார் கொட்டகையில் லேத்தும் சிலிக்கோன் டப்பாவும் வைத்திருக்கும் உங்களிடம்தான் வரவேண்டியிருக்கிறது. நான் விற்பனைக்குச் செய்பவன் இல்லை. சொந்த ஆசைக்காகப் பழுதுபார்ப்பவன், உங்கள் உருப்படிகளை வாங்கிப் பொருத்துபவன். உங்களில் தமிழ் படிப்பவர்கள் சிலர் உண்டு. இதை மற்றவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரே ஒரு கோரிக்கைக்காக இந்த மடல். நீங்கள் செய்யும் ஒவ்வொரு உருப்படிக்கும் ஓர் அளவுத்தாள் எழுதி, எல்லோரும் எடுத்துப் பார்க்கும் இடத்தில் வையுங்கள். நீளம், அகலம், துளை மட்டும் போதாது. அந்த உருப்படி கையில் எப்படி இருக்கவேண்டும் என்பதையும் எண்ணால் எழுதுங்கள்.

இந்த ஆட்டங்களின் மென்பொருள் ஏறக்குறையப் பத்திரமாகிவிட்டது. 1997 பிப்ரவரியில் இத்தாலிக்காரரான நிக்கோலா சால்மோரியா, பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரின் முதல் பதிப்பை வெளியிட்டார். அதன்பிறகு உலகெங்கும் ஆர்வலர்கள் பழைய பலகைகளில் இருந்த ரோம் சில்லுகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சேமித்தார்கள். பலகை செத்தாலும் நிரல் சாகாது என்ற நிலை வந்தது. பெரிய காரியம் அது. ஆனால் சில்லைப் படித்ததுபோல ஜாய்ஸ்டிக்கைப் படித்துச் சேமிக்க அப்படிப் பரவலான ஏற்பாடு எதுவும் இல்லை. சுழல் குமிழால் ஆடவேண்டிய டெம்பெஸ்ட் ஆட்டத்தின் நிரல் பிசகாமல் என் கணினியில் ஓடுகிறது. அம்புக்குறி விசையை வைத்து அதை ஆடினால் அது டெம்பெஸ்டாக இல்லை.

கையில் பிடிக்கும் கருவியும் ஆட்டமும் சேர்ந்தே வடிவமைக்கப்பட்ட காலம் அது. வில்லியம்ஸின் ரோபோட்ரான் 2084 வெளிவந்தது 1982இல். அதற்கு இரண்டு ஜாய்ஸ்டிக், ஒன்று நடக்க, ஒன்று சுட. அதை வடிவமைத்த யூஜின் ஜார்விஸ் ஒரு கார் விபத்தில் கை அடிபட்டுப் பொத்தானை அழுத்த முடியாமல் இருந்த நாட்களில் முளைத்த யோசனை இது. ஒரு திசையில் ஓடிக்கொண்டே இன்னொரு திசையில் சுடலாம் என்பதால்தான் திரையில் அத்தனை எதிரிகளை அவரும் லாரி டிமாரும் நிரப்ப முடிந்தது. அந்த இரண்டு குச்சிகளும் எவ்வளவு விசையில் சாயும், எவ்வளவு சீக்கிரம் நடுவுக்குத் திரும்பும் என்பது அந்த ஆட்டத்தின் கடினத்தில் ஒரு பங்கு. நிரலைப் படித்தால் அது தெரியாது.

பாக்-மேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் நாம்கோவில் தோரு இவாதானி உருவாக்கியது. அதன் ஜாய்ஸ்டிக் நான்கு திசைக்கு மட்டும் போகும். சந்திப்பு வருவதற்குச் சற்று முன்பே குச்சியைத் திருப்பினால் பாக்-மேன் மூலையை அறுத்துக்கொண்டு போகும். துரத்தும் பேய்களுக்கு அந்தச் சலுகை இல்லை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் தப்பிப்பதே இந்த இம்மி இடைவெளியில்தான். அங்கே எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கை மாட்டினால், குச்சி சாய்மூலைக்குப் போகும்போது இரண்டு ஸ்விட்சுகள் ஒருசேர மூடும். அந்த ஆட்டம் எதிர்பார்க்காத சேதி அது, திருப்பம் தவறும். குச்சியின் அடியில் இருக்கும் தடுப்புத் தகட்டின் வடிவம் தவறியதால் வந்த வினை. தகடு சரியாக இருந்தும் அதன் துளை தேய்ந்து அகன்றுபோனால் இதே கதிதான். ஆடுபவர் தன் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

லீஃப் ஸ்விட்சைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசவேண்டும். அதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது.

இரண்டு மெல்லிய வில்தகடுகள், நுனியில் ஆளுக்கொரு தொடுமுனை. பொத்தானை அழுத்தினால் அதன் தண்டு ஒரு தகட்டைத் தள்ளி இன்னொன்றின்மேல் படியவைக்கும். அவ்வளவுதான் இயந்திரம். சத்தம் இல்லை, தட்டென்று விழும் உணர்வும் இல்லை. விரல் அழுத்த அழுத்த எதிர்ப்பு மெல்லக் கூடும், எந்த இடத்தில் மின்சுற்று மூடுகிறது என்பதைத் தகட்டை வளைத்து நாமே தீர்மானிக்கலாம். 1979இல் வந்த ஆஸ்டராய்ட்ஸில் அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து குண்டு வராது. ஒவ்வொரு குண்டுக்கும் பொத்தானை விட்டு மறுபடி அழுத்தவேண்டும். திரையில் ஒரே சமயத்தில் 4 குண்டுகள்தான் இருக்க முடியும். ஆகவே தொடுமுனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஆட்டக்காரரின் வேகத்தையே முடிவு செய்கிறது. 1982இல் ஸ்காட் சாஃப்ரான் என்ற சிறுவர் எடுத்த 4,13,36,440 புள்ளிகளை 2010இல்தான் ஜான் மெக்அலிஸ்டர் தாண்டினார், 4,13,38,740 எடுத்து. ஏறத்தாழ 58 மணி நேரம் தொடர்ந்து ஆடினார். அத்தனை நேரம் வேலை செய்யக்கூடிய பொத்தானை, நானும் நீங்களும் சாதாரணமாகக் கழற்றித் தூர எறிகிறோம்.

பின்னால் வந்த மைக்ரோஸ்விட்ச் நல்ல பொருள்தான். அழுக்கு புகாது, நீடித்து உழைக்கும், எங்கும் கிடைக்கும். 90களின் சண்டை ஆட்டங்களுக்கு அதுவே சரி. ஆனால் அது மூடும் இடத்தையும் விடும் இடத்தையும் ஆலை தீர்மானித்துவிட்டது, நாம் வளைக்க முடியாது. ஆஸ்டராய்ட்ஸ் பெட்டியில் அதை வைப்பவர் பொத்தானை மட்டும் மாற்றுவதாக நினைக்கிறார். ஆட்டமே மாறிவிடுகிறது.

இனி அந்தத் தொடுமுனைகள். பலகையின் தர்க்கச் சுற்றுக்குப் போவது 5 வோல்ட், மிகச் சிறிய மின்னோட்டம். அந்த அளவு மின்னோட்டத்துக்குத் தொடுமுனையில் படியும் மெல்லிய கறையை எரித்துத் துப்புரவாக்கும் வலு கிடையாது. வெள்ளி கறுக்கும், பொன் கறுக்காது. அதனால் பல லீஃப் ஸ்விட்சுகளின் முனையில் மெல்லிய பொன்முலாம் பூசினார்கள். இதை அறியாமல் அரத்தையும் உப்புத்தாளையும் எடுத்து முனையைத் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிக மின்னோட்டம் ஓடும் பின்பால் பொறியின் டங்ஸ்டன் முனைக்கு அந்த வைத்தியம் பொருந்தும். இங்கே ஒரே இழுப்பில் பொன் போய்விடும். அன்று நன்றாக வேலை செய்வதுபோல் தெரியும், சில மாதங்களில் பொத்தான் விட்டுவிட்டுப் பேசத் தொடங்கும். முனைகளுக்கு நடுவே ஒரு சுத்தமான தடித்த அட்டைத் துண்டைச் செருகி, மெல்ல அழுத்திப் பிடித்து இழுத்தால் போதும்.

இப்போது புதிதாகச் செய்து விற்கப்படும் லீஃப் ஸ்விட்சுகளில் முனை என்ன உலோகம், முலாம் உண்டா, தகட்டின் தடிமன் என்ன, எந்தக் கலவை என்று எழுதித் தருபவர்கள் அரிது. வடிவம் ஒன்றுதான், தகடு மட்டும் சற்றுத் தடித்திருக்கிறது. விரலுக்கு உடனே தெரிகிறது. வாங்கியவருக்கு அதைச் சொல்ல எண் இல்லாததால், "ஏதோ சரியில்லை" என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது. செய்தவருக்கும் திருத்த வழி தெரிவதில்லை. நான் எண் கேட்பது இதற்காகத்தான்.

டெம்பெஸ்டுக்கு வருகிறேன். டேவ் தூரர் 1981இல் அட்டாரிக்காகச் செய்தது. ஸ்பின்னர் குமிழைச் சுழற்றினால், திரையில் வரையப்பட்ட குழாயின் விளிம்பில் நம் கலம் ஓடும். குமிழின் தண்டில் விளிம்பெல்லாம் பிளவுகள் வெட்டிய ஒரு சக்கரம், அதன் விளிம்பை இரண்டு ஒளி உணரிகள் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று எழுப்பும் துடிப்புக்கும் மற்றதன் துடிப்புக்கும் கால் சுற்று வேறுபாடு இருக்கும்படி அவை வைக்கப்பட்டிருப்பதால், எது முந்துகிறது என்பதை வைத்து எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பலகை அறிகிறது. சக்கரத்தில் 72 பற்கள். இதைப் பிரதி எடுப்பது கடினம் இல்லை, பலர் நன்றாகவே எடுத்திருக்கிறீர்கள். பிரச்சினை குமிழின் எடையிலும் தண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தின் உராய்விலும் இருக்கிறது. அசல் குமிழை விரலால் சுண்டிவிட்டால் சற்று நேரம் தானே ஓடி மெல்ல நிற்கும். ஆடுபவர் அந்த ஓட்டத்தைக் கணக்கில் வைத்துத்தான் சுண்டுகிறார். கிரீஸைத் தாராளமாக அப்பினால் அது செத்துப்போகும். உராய்வே இல்லாத பேரிங் வைத்தால் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் நழுவும். இரண்டும் தவறு. சரியானது எது என்று சொல்ல, சேதமில்லாத ஒரு குமிழைச் சுண்டிவிட்டு அது நிற்கும்வரை கைப்பேசியில் படம் பிடித்தால் போதும். படத்தின் ஒவ்வொரு சட்டகத்தையும் எண்ணி வேகம் எப்படிக் குறைகிறது என்று வரைந்துவிடலாம். இதற்கு ஆய்வகம் வேண்டாம்.

டிராக்பாலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கு அது அத்துப்படி. பந்து இரண்டு உருளைகளின் மீதும் ஒரு தாங்கு பேரிங்கின் மீதும் உட்கார்ந்திருக்கிறது. உருளையில் பள்ளம் விழுந்தால் பந்து தாவும், பேரிங்கில் அழுக்குச் சேர்ந்தால் இழுக்கும். அட்டாரி ஃபுட்பாலில் 4.5 அங்குலப் பந்து, சென்டிபீட்டில் 3 அங்குலப் பந்து. எடையும் வேறு, உள்ளங்கை படும் பரப்பும் வேறு. இந்தக் கருவி ஆட்டக்கூடத்தில் பிறந்ததே இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். 1952 வாக்கில் கனடா கடற்படையின் டேட்டார் திட்டத்துக்காக டாம் க்ரான்ஸ்டன், ஃப்ரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் ஆகியோர் செய்த டிராக்பாலில் உருண்டது, அந்நாட்டினர் ஆடும் ஐந்து முளை பௌலிங் பந்து. கைக்கு அடக்கமானதைத் தேடி எடுத்தார்கள். கையால் உருட்டும் பந்தை நமக்கு முன்பே தேடியவர்கள் என்ற வகையில் அவர்கள் நமக்கு முன்னோர்கள்.

மாற்று இல்லாத உருப்படிகள்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கின்றன. சாதாரண எட்டுத் திசை ஜாய்ஸ்டிக் உடைந்தால் இன்னொன்று கிடைக்கும். எஸ்என்கே நிறுவனம் 1986இல் வெளியிட்ட இகாரி வாரியர்ஸின் ஜாய்ஸ்டிக் உடைந்தால் என்ன செய்வது? இவ்வகையை ஜப்பானில் லூப் லீவர் என்பார்கள். அதன் பெயர் எல்எஸ்-30, செய்தது செய்மிட்சு. குச்சி எட்டுத் திசையிலும் சாயும், அதன் தலையோ தன்னிடத்திலேயே 12 நிலைகளில் திரும்பும். சாய்த்த திசையில் வீரன் நடப்பான், திருப்பிய திசையில் துப்பாக்கி பார்க்கும். ஒவ்வொரு நிலைக்கும் கையில் ஒரு சிறு தடை உறைக்கும். அந்தத் தடையை எண்ணித்தான் ஆடுபவர் திரையைப் பாராமலே திசையை அறிகிறார். சாயவும் வேண்டும், எந்தச் சாய்விலும் திரும்பவும் வேண்டும் என்பதால் உள்ளே தண்டுக்கும் சுழல் ஸ்விட்சுக்கும் நடுவே ஓர் இணைப்பு, அந்த இணைப்பும் தொடுமுனைகளும்தான் முதலில் தேய்கின்றன. தேய்ந்தபின் துப்பாக்கி ஒரு நிலையைத் தாண்டிக் குதிக்கும். உள்ளே நவீன உணரியைப் பொருத்திச் சரிசெய்யும் முயற்சியை நான் குறைசொல்லமாட்டேன், தேய்மானம் நின்றால் நல்லதுதான். ஆனால் அந்தத் தடையின் விசையை அளந்து எழுதிவைத்துவிட்டு அதைச் செய்யுங்கள். தேயாத எல்எஸ்-30 ஒவ்வொரு ஆண்டும் குறைந்துகொண்டே வருகிறது.

வில்லியம்ஸின் சினிஸ்டார் 1983இல் வந்தது. அதற்கு 49 நிலை ஜாய்ஸ்டிக், ஏழுக்கு ஏழு கட்டமாக. எவ்வளவு சாய்க்கிறோமோ அதற்கேற்பக் கலத்தின் வேகம் கூடும். ஒளி உணரியால் வேலை செய்வது, ஸ்விட்ச் தேய்மானம் கிடையாது. நடுவுக்குத் திருப்பும் ரப்பர்தான் இறுகியும் வெடித்தும் போகிறது. இறுகிய ரப்பரோடு ஆடினால் மெல்லப் போகும் வேகங்கள் கைக்குப் பிடிபடவே மாட்டா, கலம் நிற்கும் அல்லது பாயும். அந்த ரப்பர் புதிதாக இருந்தபோது டியூரோமீட்டரில் ஷோர் ஏ கடின அளவு என்ன? புதிதாகவே பொட்டலத்தில் கிடக்கும் ஒன்று கையில் வந்தால் பொருத்துவதற்கு முன் அளந்துவிடுங்கள். பொட்டலத்தில் இருந்தாலும் ரப்பர் முதுமை அடையும் என்பதால், அளந்த ஆண்டையும் சேர்த்து எழுதவேண்டும்.

டிரான் ஆட்டத்தின் நீலக் கைப்பிடியை எல்லோருக்கும் தெரியும். 1982, பாலி மிட்வே. ஒளி ஊடுருவும் நீலப் பிளாஸ்டிக், விசை வில்லோடு கூடிய பிடி. பெட்டிக்குள் புற ஊதா விளக்கு எரியும்போது அது தானே ஒளிர்வதுபோல் இருக்கும். கீழே போட்டால், முரட்டுத்தனமாக இழுத்தால் வெடித்துவிடும், அதனால் பிரதிகள் நிறைய வந்தன. பகலில் அசலோடு அச்சாகப் பொருந்தும் நீலம், புற ஊதா விளக்கில் மங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சாயத்தில் ஒளிரும் தன்மை வேண்டும், கண்ணுக்குத் தெரியும் நிறம் மட்டும் ஒத்துப்போனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இதைச் சரியாகச் செய்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். என்ன சாயம், எத்தனை விழுக்காடு என்ற ஒரு வரி போதும். உங்களுக்குப் பிறகு வருபவர் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்காது.

அட்டாரியின் ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தின் பிடிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1980இல் எட் ரோட்பர்க் எழுதிய பேட்டில்ஸோன் ஆட்டத்தை அமெரிக்க ராணுவத்தின் பிராட்லி வண்டிப் பயிற்சிக்காக மாற்றித்தரச் சொன்னார்கள். அவருக்கு அதில் விருப்பமில்லை, இருந்தும் செய்தார். இரண்டே முன்மாதிரிகள்தான் உருவாயின. அதற்கென்று வடிவமைத்த பிடிதான் 1983இல் ஸ்டார் வார்ஸ் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. இரு கையாலும் பிடித்து இடம் வலமாகத் திருப்பலாம், மணிக்கட்டை மடக்கி மேலும் கீழும் ஆட்டலாம். உள்ளே பற்சக்கரங்கள் மாறுதடையைச் சுழற்றும். பல் தேய்ந்தால் குறி நடுங்கும், தேய்ந்த மாறுதடையும் அதே நடுக்கத்தைத் தரும். பற்சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டுச் சரியாகவில்லை என்று புலம்புபவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்பேன்.

கேப்காம் 1987இல் வெளியிட்ட முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஒரு பதிப்பில் ஆறு பொத்தான்களுக்குப் பதில் இரண்டு பெரிய ரப்பர் பட்டைகள் இருந்தன. எவ்வளவு பலமாகக் குத்துகிறோமோ அவ்வளவு பலமாகத் திரையில் அடி விழும். உடைந்தும் போயின, ஆடியவர்கள் கையும் நொந்தது, ஆறு பொத்தான் பதிப்பே நிலைத்தது. பின்னாளைய சண்டை ஆட்டங்கள் பலவற்றுக்கும் அந்த ஆறு பொத்தான் வரிசை வந்தது எப்படி என்று அறிய, தோற்றுப்போன அந்தப் பட்டைகளும் வேண்டும். ஓடும் நிலையில் ஒன்று யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அதைப் பிரித்து ஆவணப்படுத்துங்கள்.

இனி, செய்முறை. உங்களிடம் கற்றவற்றை உங்களிடமே சொல்வதாகத் தோன்றினாலும், அளவுத்தாளின் தேவை இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. பெரும்பாலோர் அசல் உருப்படியைச் சிலிக்கோனில் பதித்து அச்செடுத்து, அதில் பாலியூரித்தேன் ரெசின் ஊற்றுகிறீர்கள். அழகாக வருகிறது, கைரேகைகூடப் பதியும். ஆனால் அந்த அச்சுக்குத் தேய்மானமும் பதியும். 40 ஆண்டு ஆடித் தேய்ந்த புஷ்ஷை அச்செடுத்தால் தேய்ந்த புஷ்தான் புதிதாகப் பிறக்கும். ரெசின் இறுகும்போது சிறிது சுருங்கும். பிரதியிலிருந்து இன்னொருவர் அச்செடுப்பார், அதிலிருந்து வேறொருவர் எடுப்பார், ஒவ்வொரு தலைமுறையிலும் உருப்படி சிறுத்துக்கொண்டே போகும், முனைகள் மழுங்கும். சிலிக்கோன் அச்சும் சில பத்து வார்ப்புகளில் கிழியத் தொடங்கும். அசலின் அளவு எழுதப்படாவிட்டால் இந்தச் சரிவை யாரும் கவனிக்கவே மாட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

முப்பரிமாண அச்சு வந்தபின் வேறு ஆபத்து. அடுக்கடுக்காக உருக்கிப் போடும் முறையில் அடுக்குகளுக்கு இடையேதான் பலவீனம். நெம்புகோலை நிற்கவைத்து அச்சிட்டால் குறுக்கே படக்கென்று முறியும். பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகும், குழாய்த் திரை வெந்துகொண்டிருக்கும் பெட்டிக்குள் அதை நம்பக் கூடாது. நைலான் தூளை லேசரால் இணைத்துச் செய்யும் முறை மேல். உராயும் இடத்துக்கு அசெட்டால் தண்டை லேத்தில் கடைந்து எடுப்பது எல்லாவற்றிலும் நல்லது என்பது என் எண்ணம், வேலை கொஞ்சம் கூடினாலும். இன்னொரு வேண்டுகோள்: எஸ்டிஎல் கோப்பு மட்டும் பகிராதீர்கள். அதில் அலகே கிடையாது, எது முக்கியமான அளவு, எது சும்மா வளைவு என்பதும் தெரியாது. திருத்தக்கூடிய ஸ்டெப் கோப்பும், அளவு குறித்த வரைபடமும் வேண்டும்.

பழைய அட்டாரிக் கையேடுகளில் பிரித்துக் காட்டும் படங்களும் பாக எண்களும் இருக்கின்றன. எதற்குப் பின் எது பொருந்தும் என்பதற்கு அவை அருமையானவை. ஆனால் அவற்றில் பிளாஸ்டிக்கின் கடினமோ, துளைக்கும் தண்டுக்கும் விடவேண்டிய இடைவெளியோ இல்லை. நியூயார்க் மாநிலம் ரோச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் 2014இல் அட்டாரி ஆர்கேட் பிரிவின் ஆவணத் தொகுப்பைப் பெற்றது. அங்கே போகக்கூடியவர்கள் போய்த் தேடுவது நல்லது. தாளில் இல்லாதது உருப்படியில்தான் இருக்கிறது, உருப்படி தேய்ந்துகொண்டிருக்கிறது.

ஆகவே அளவுத்தாளில் என்ன வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். ஜாய்ஸ்டிக் என்றால், நடுவிலிருந்து ஸ்விட்ச் மூடும் வரை குச்சியின் தலைக்குண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது, தடுப்பில் இடிக்கும் வரை எத்தனை, அந்த இரண்டு இடங்களிலும் எத்தனை கிராம் விசை வேண்டும், விட்டால் நடுவுக்கு வந்து எத்தனை முறை ஆடி நிற்கிறது. பொத்தான் என்றால் மூடும் ஆழமும் விசையும், தொடுமுனை உலோகமும். ஸ்பின்னர் என்றால் குமிழின் எடையும், சுண்டிவிட்ட ஓட்டமும். கூடவே ஒலிப்பதிவு, ஏனென்றால் பல ஆட்டக்காரர்கள் காதாலும் பொத்தானை உணர்கிறார்கள். மலிவான ஒரு விசைமானி, வெர்னியர், டியூரோமீட்டர், கைப்பேசி. இவ்வளவும் உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கும்.

வீணை செய்பவர் குடத்தைக் கடைந்து, தண்டியைப் பொருத்தி, எல்லா அளவும் பிசகாமல் முடித்தாலும், மெழுகில் மெட்டுகளை நிறுத்தும்போது காதைத்தான் நம்புகிறார். உங்கள் வேலையிலும் அப்படிக் கைதான் கடைசியில் தீர்ப்புச் சொல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீணைக்குச் சுரம் இருக்கிறது, இன்னொருவர் மீட்டிச் சரியா தவறா என்று சொல்லிவிடலாம். 1981இல் புதிதாக வந்த டெம்பெஸ்ட் குமிழைத் தொட்டவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்களும் போனபின் எதை வைத்துச் சரிபார்ப்பது?

உங்கள் தயக்கத்தை நான் அறிவேன். சில மாதம் கண்விழித்து அளந்து, வார்த்துப் பார்த்து, வீணானதை எல்லாம் குப்பையில் கொட்டி, கடைசியில் சரியாக வந்த ஒன்றை வெளியில் வைத்தால், மறுவாரமே மட்டமான பொருளில் மலிவாக அச்சிட்டு ஒருவர் விற்பார். உங்கள் பெயரும் கெடும், பணமும் போகும். இது நியாயமான பயம். இப்படி நடந்து மனம் நொந்து வேலையையே விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இன்றே வெளியிட மனமில்லையென்றால், எழுதி முடித்து, நம்பகமான இருவரிடம் மூடிய உறையில் கொடுங்கள். நீங்கள் அந்த உருப்படியைச் செய்வதை நிறுத்தும் நாளில், அல்லது நீங்கள் இல்லாத நாளில், அது இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுச் சேமிப்பில் ஏறட்டும். உங்கள் வாழ்நாள் வருமானத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது. செய்துவந்த ஒரே ஆள் ஓய்வுபெற்றதும் ஓர் உருப்படி உலகத்திலேயே கிடைக்காமல் போவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அச்சு யாருடைய கொட்டகையிலோ கிடந்து நாறும், குடும்பத்தாருக்கு அது என்னவென்றே தெரியாமல் கழிவோடு போகும்.

வாங்குகிற எங்களுக்கும் பங்கு உண்டு. அளவுத்தாளோடு வரும் உருப்படிக்குக் கூடுதல் விலை கொடுக்க நாங்கள் தயாராக இருக்கவேண்டும். நான் தயார்.

இன்னும் இரண்டு சிறு வேண்டுகோள்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும், வெளியே தெரியாத இடத்தில், பிரதி என்பதற்கு ஓர் அடையாளமும் செய்த ஆண்டும் பதியுங்கள். பிற்காலத்தில் ஒருவர் உங்கள் பிரதியை அசல் என்று எண்ணி அளந்தால் இத்தனை உழைப்பும் திசை மாறிவிடும். வாங்குபவரிடம், கழற்றிய பழைய உருப்படியைத் தூக்கிப் போடாமல், ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே கட்டிவைக்கச் சொல்லுங்கள். உடைந்த பல்லும் வெடித்த ரப்பரும்கூட, எந்தப் பொருள், எந்த இடத்தில் தேய்ந்தது என்று சொல்லும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், என் வரிசை இது. முதலில் எல்எஸ்-30, சினிஸ்டாரின் ரப்பர், ஸ்ட்ரீட் ஃபைட்டர் பட்டைகள், ஏனென்றால் இவற்றுக்குப் பதிலி இல்லை. அடுத்து 1984இல் அட்டாரி வெளியிட்ட ஐ, ரோபோட். மிகக் குறைவாகவே செய்யப்பட்ட பெட்டி, காந்தத்தை உணரும் ஹால் விளைவு ஜாய்ஸ்டிக், தொட்டுத் தேயும் தொடுமுனையே இல்லாததால் மற்றவற்றைவிடச் சற்றுப் பொறுக்கும். அதன்பின் லீஃப் ஸ்விட்சுகள், கடைசியில் டிராக்பால். பிரிக்காத பொட்டலத்தில் பழைய சரக்கு வைத்திருப்பவர்கள் அதைப் பெட்டியில் மாட்டுவதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி அளந்துவிட்டால், மற்றவர்களுக்கு ஒப்பிட ஓர் அசல் கிடைக்கும். யாரிடமாவது தேயாத எல்எஸ்-30 இருந்து, விசைமானி இல்லாமல் இருந்தால் சொல்லுங்கள். என்னுடையதை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் உருப்படிகளால் பெட்டி ஓட்டுபவன்